ஐந்தில் ஒருவரா, ஆயிரத்தில் ஒருவரா?

2010 ஆகஸ்ட் மாதம் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழான 'ஜாமா'வில் ஒரு கட்டுரை வெளியானது. ஜோசப் ஷார்கரோட்ஸ்கியும் வேறு மூன்று ஆய்வாளர்களும் எழுதியது. 12 வயது முதல் 19 வயது வரையிலான பிள்ளைகளின் காதுகளைப் பற்றிய கணக்கு அது. 1988 முதல் 1994 வரை சோதித்தபோது அந்த வயதினரில் 14.9 சதவீதம் பேருக்குக் கேட்கும் திறன் கொஞ்சமாவது குறைந்திருந்தது. 2005-06இல் மறுபடி பார்த்தபோது அது 19.5 சதவீதமாக ஏறியிருந்தது. செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டன: ஐந்தில் ஒரு பிள்ளைக்குக் காது மந்தம்.

குற்றவாளியைத் தேட யாரும் சிரமப்படவில்லை. சோனி நிறுவனம் 1979இல் வாக்மேனை விற்கத் தொடங்கியது. ஆப்பிள் 2001இல் ஐபாடைக் கொண்டுவந்தது. இரண்டு ஆய்வுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் உலகமெங்கும் பிள்ளைகளின் காதுக்குள் ஒயர் ஏறியிருந்தது. கேட்கும் திறன் குறைந்ததையும் இயர்போன் பெருகியதையும் சேர்த்துப் பார்க்க அதிக அறிவு தேவையில்லை. பெற்றோர் நம்பினார்கள்; ஆசிரியர்கள் நம்பினார்கள்.

ஆனால் அந்தக் கட்டுரைக்குள்ளேயே வேறொரு செய்தி இருந்தது. உரத்த சத்தத்தில் இருந்ததாகத் தாங்களே சொன்ன பிள்ளைகளுக்கும் அப்படிச் சொல்லாதவர்களுக்கும் இடையே ஆய்வாளர்களுக்குக் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. தெளிவாகத் தெரிந்தது ஏழ்மைதான். அமெரிக்க அரசின் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கேட்கும் திறன் குறைந்திருக்கும் வாய்ப்பு, மற்றவர்களைப்போல் 1.6 மடங்கு இருந்தது. இந்த வரி தலைப்புச் செய்தியாகவில்லை. ஆகியிருந்தால் இந்தப் பிரச்சினையைப் பற்றிப் பொதுமக்கள் பேசும் விதமே வேறு திசையில் போயிருக்கும்.

ஐந்தில் ஒருவர் என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பார்க்க, அது அளக்கப்பட்ட இடத்துக்குப் போக வேண்டும். அமெரிக்க அரசு பல பத்தாண்டுகளாக ஒரு தேசிய உடல்நல ஆய்வை நடத்திவருகிறது. மருத்துவக் கருவிகள் பொருத்திய பெரிய வண்டிகள் ஊர் ஊராகப் போகும். அதற்குள் சத்தம் புகாத ஒரு சிறு அறை. பிள்ளை ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காரும். 500 ஹெர்ட்ஸ் என்ற தடித்த ஒலியிலிருந்து 8000 ஹெர்ட்ஸ் என்ற கீச்சொலி வரை ஒவ்வொன்றாக ஒலிக்கும்; கேட்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். ஒலியைக் குறைத்துக்கொண்டே போவார்கள். கடைசியாக எந்த அளவில் பொத்தான் அழுந்தியதோ, அதுதான் அந்தக் காதின் வாசல். அதை டெசிபெல் கணக்கில் குறித்துவைப்பார்கள்.

இந்த அளவுகோலில் பூஜ்யம் என்பது நிசப்தம் அல்ல. ஆரோக்கியமான இளைஞர்களுக்குச் சராசரியாக எந்த ஒலி மிக மெல்லக் கேட்குமோ அதைப் பூஜ்யம் என்று வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கு 15 டெசிபெல் அளவுக்கு உயர்த்தினால்தான் கேட்கிறது என்றால், அவர் அந்தச் சராசரியிலிருந்து 15 படி தள்ளி நிற்கிறார். அமெரிக்கக் கட்டுரை கோடு போட்டது ஏறத்தாழ இந்த 15இல்தான். அதுவும் ஒரு காதில் மட்டும், தடித்த ஒலிகளிலோ கீச்சொலிகளிலோ ஏதாவது ஒன்றில் மட்டும் குறைந்திருந்தாலே போதும், கணக்கில் சேர்ந்துவிடும்.

கோட்டை 25 டெசிபெலுக்கு நகர்த்தினால் அதே பிள்ளைகளில் 5.3 சதவீதம்தான் எஞ்சுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் இன்னும் மேலே கோடு போடுகிறது: நன்றாகக் கேட்கும் காதிலேயே 35 டெசிபெலுக்கு மேல் இழப்பு இருந்தால் அதை வாழ்க்கையை முடக்கும் குறைபாடு என்கிறது. 2021 மார்ச் மாதம் வெளியிட்ட அறிக்கையில் உலகெங்கும் 43 கோடிப் பேர் இந்த நிலையில் இருப்பதாகவும் அவர்களில் 3 கோடியே 40 லட்சம் பேர் குழந்தைகள் என்றும் அது மதிப்பிட்டது. பிறக்கும்போதே இரண்டு பக்கமும் நிரந்தரமாகக் கேட்காத குழந்தைகளை மட்டும் எண்ணினால், ஆயிரத்துக்கு ஒன்று முதல் மூன்று.

ஆயிரத்தில் ஒருவர் என்பதும் உண்மை, ஐந்தில் ஒருவர் என்பதும் உண்மை. கோடு எங்கே விழுகிறது என்பதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வதில்தான் தவறு இருக்கிறது. ஒவ்வொரு கோட்டுக்குப் பின்னாலும் ஒரு தனி விதமான பிள்ளை நிற்கிறது; அந்தப் பிள்ளைக்கு வேண்டிய உதவியும் தனி விதமானது.

அந்த ஐந்தில் ஒருவர் கதை அப்படியே நின்றுவிடவுமில்லை. அதே தேசிய ஆய்வின் அடுத்தடுத்த சுற்றுகளையும் சேர்த்து, 7,000க்கும் மேற்பட்ட பதின்வயதினரின் பதிவுகளைக் கலிபோர்னியாவின் சு, சான் என்ற இருவர் மறுபடி அலசி 2017இல் வெளியிட்டார்கள். 2007-08இல் எண்ணிக்கை 22.5 சதவீதம் வரை ஏறியிருந்தது. அடுத்த சுற்றான 2009-10இல் 15.2 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. இந்த இரண்டு ஆண்டுகளில் அமெரிக்கப் பிள்ளைகள் யாரும் ஐபாடைத் தூக்கி எறிந்துவிடவில்லை. உள்காதின் நரம்புச் சேதமும் ஆறிவிடக் கூடியது அல்ல. அப்படியானால் எது ஏறி இறங்கியது?

அளவீட்டின் ஆட்டம் ஒரு காரணம். 15 டெசிபெல் என்ற மெல்லிய கோட்டருகே சோதிக்கும்போது ஹெட்போன் சரியாகப் பொருந்தாவிட்டாலும், பிள்ளை ஒரு நொடி வேறெங்கோ கவனம் வைத்தாலும், ஆரோக்கியமான காதுகூடக் கோட்டைத் தாண்டிவிடும். மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் ஷ்லாக், கார்னி இருவரும் 2011இல் கணினியில் பாவனைச் சோதனை நடத்தி, இரைச்சலால் காது கெட்டவர்கள் என்று எண்ணப்பட்டவர்களில் கணிசமானோர் இப்படிப் பொய்யாக வந்து சேர்ந்திருக்கக்கூடும் என்று எச்சரித்தார்கள். இன்னொரு காரணம் காதுக்குள்ளேயே இருக்கிறது. சளி பிடித்த வாரத்தில் ஒரு குழந்தையைச் சோதித்தால் ஒரு முடிவு வரும். மூக்கு தெளிந்த மாதத்தில் சோதித்தால் வேறு முடிவு வரும்.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் 15, 20 டெசிபெல் இழப்பெல்லாம் வெறும் எண் விளையாட்டு" என்று முடிவுக்கு வருவது எளிது. அந்த முடிவு பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். டென்னஸி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் ஃப்ரெட் பெஸ்ஸும் அவருடைய குழுவும் செய்த வேலை அதைக் காட்டுகிறது.

அவர்கள் 3, 6, 9ஆம் வகுப்புகளில் படித்த 1,218 பிள்ளைகளைச் சோதித்தார்கள். ஆய்வு 1998இல் வெளிவந்தது. எல்லா வகைக் குறைபாடுகளையும் சேர்த்து 11.3 சதவீதம் பேருக்குக் காதில் ஏதோ ஒரு குறை. அதில் ஒரு பகுதியினர், 5.4 சதவீதம் பேர், மிகச் சிறிய அளவில் உள்காது பாதிக்கப்பட்டவர்கள். இவர்கள் யாரும் காது மிஷின் போட்டவர்கள் அல்லர். வீட்டில் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்கள், தொலைபேசியில் பேசுவார்கள். இந்தச் சின்னக் குறைக்காரர்களில் 37 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகுப்பிலாவது தவறி, அதே வகுப்பில் மறுபடி உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பள்ளி மாவட்டத்தின் மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரிய விகிதம். இதற்கு முன்பே, 1984இல், ஒரு காது மட்டும் கேட்காத 60 பிள்ளைகளைப் பெஸ்ஸும் ஆன் மேரி தார்ப்பும் பார்த்திருந்தார்கள். மற்றக் காது முழுமையாகக் கேட்டும், மூன்றில் ஒருவருக்கு மேல் ஒரு வகுப்பிலாவது தவறியிருந்தார்.

ஏன் இப்படி? பேச்சு என்பது ஒரே அளவு உரக்க வரும் ஒலிக் கோவை அல்ல. உயிர் ஒலிகள் உரத்தவை, தடித்தவை. அவை தூரம் போகும். க், ச், த், ப் போன்ற மெய்கள் மெலிந்தவை. அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் ஆற்றல் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. காது முதலில் பழுதாவதும் அந்தப் பக்கத்தில்தான். ஆகவே சிறிது இழந்த காதுக்கு ஆசிரியரின் குரல் கேட்கிறது; கட்டு என்றாரா, தட்டு என்றாரா, பட்டு என்றாரா என்பது மட்டும் கேட்பதில்லை. மெய்க்குப் புள்ளி வைக்காமல் எழுதிய பழைய ஓலைச்சுவடியைப் படிப்பது போன்ற நிலை அது. தமிழ் முழுவதும் அறிந்த புலவர் இடம் பார்த்துப் புள்ளியை ஊகித்துக்கொள்வார். இப்போதுதான் மொழி கற்கும் குழந்தை எதைக் கொண்டு ஊகிக்கும்? பெரியவர்களுக்கு ஒன்றுமில்லாத 20 டெசிபெல், இரண்டாம் வகுப்புக் குழந்தைக்குப் பெரிதாவது இதனால்தான்.

இத்துடன் வகுப்பறையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஐம்பது பிள்ளைகள், தகரக் கூரை, சுழலும் மின்விசிறி, ஜன்னலுக்கு வெளியே பேருந்துச் சாலை, தட்டிக்கு அந்தப் பக்கம் வாய்ப்பாடு சொல்லும் இன்னொரு வகுப்பு. தெருச்சத்தத்துக்கு நடுவே ஒருவர் பேச்சைப் பிரித்தெடுக்கும் திறமை மனிதருக்குப் பதின்வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. நல்ல காதுள்ள ஏழு வயதுப் பிள்ளையே அதில் பெரியவரைவிடப் பின்தங்கித்தான் இருக்கும். காது சற்றே மங்கிய பிள்ளை மதியத்துக்குள் களைத்துப்போகிறது. கவனிப்பதை நிறுத்திவிடுகிறது. "சொல்றதைக் கேக்கவே மாட்டான்" என்று ஆசிரியர் சொல்வது எழுத்துக்கு எழுத்து உண்மையாக இருக்கலாம் என்பது அவருக்கே தெரிவதில்லை.

தமிழ்நாட்டில் இப்படிப் பிள்ளைகள் எத்தனை பேர்? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளியில் சோதித்து 1997இல் எழுதிய கட்டுரை இன்றும் கவனிக்கத்தக்கது. அந்தப் பள்ளியில் ஏறத்தாழ 12 சதவீதக் குழந்தைகளுக்குக் கேட்கும் திறன் குறைந்திருந்தது. நாஷ்வில் எண்ணுக்கு மிக அருகில். ஆனால் காரணம் வேறு. இங்கே முன்னால் நின்றது நடுக்காதுக் கோளாறு.

செவிப்பறைக்குப் பின்னால் உள்ள சிறு அறைதான் நடுக்காது. மூன்று குட்டி எலும்புகள் அதில் தொங்கியபடி ஒலியை உள்காதுக்குக் கடத்துகின்றன. அந்த அறைக்குக் காற்று வர மூக்கின் பின்புறத்திலிருந்து ஒரு குழாய் உண்டு. குழந்தைகளுக்கு அந்தக் குழாய் குட்டையானது, படுக்கை வாட்டத்தில் இருப்பது. சளியும் கிருமியும் எளிதில் ஏறிவிடும். குழாய் வீங்கி அடைத்துக்கொண்டால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். அந்த நீரில் எலும்புகளின் அசைவு மந்தமாகி 20, 30 டெசிபெல் வரை இழப்பு வரும். வலி இருக்காது. காய்ச்சல் இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில வாரங்களில் தானாக வற்றிவிடும். சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும், மறுபடி மறுபடி வரும். கிருமி முற்றினால் செவிப்பறை ஓட்டையாகிச் சீழ் வடியத் தொடங்கும்.

சீழ் வடியும் காதை நம் வீடுகளில் நோயாக எண்ணுவது குறைவு. பிள்ளைக்குக் காது ஒழுகுகிறது, வயதானால் நின்றுவிடும் என்பார்கள். வெதுவெதுப்பாக எண்ணெய் காய்ச்சி ஊற்றுவார்கள். குளிப்பாட்டிவிட்டுக் காதில் ஊதித் தண்ணீரை எடுப்பார்கள். ஓட்டையான செவிப்பறை வழியாக அந்த எண்ணெய் நேராக நடுக்காதுக்குள் போகிறது. பாட்டியின் அன்பில் குறையில்லை; ஆனால் சீழ் பிடித்த காதுக்கு அது கெடுதல். காதை உலர்வாக வைத்துச் சொட்டு மருந்து போடுவதும், தேவைப்பட்டால் செவிப்பறையை ஒட்டுப்போட்டுச் சரிசெய்வதும் அரசு மருத்துவமனைக் காது மூக்கு தொண்டைப் பிரிவில் செய்யக்கூடியவைதான். ஷார்கரோட்ஸ்கியின் கட்டுரையில் ஓரத்தில் நின்ற ஏழ்மை, வேலூர்க் கிராமத்தில் நடுவில் வந்து நிற்கிறது. நெரிசலான வீடு, அடுப்புப் புகை, அடிக்கடி சளி, மருத்துவரிடம் போகும் தாமதம் எல்லாம் சேர்ந்து காதில் முடிகின்றன. குழந்தைகளின் செவிக் குறைபாட்டில் 60 சதவீதம் தடுக்கக்கூடிய காரணங்களால் வருவது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதன் பெரும்பகுதி இத்தகைய சாதாரண விஷயங்கள்தான்.

கோட்டின் மறுமுனையில் இருக்கும் குழந்தைகளிடம் வருவோம்: ஆயிரத்துக்கு ஒன்று முதல் மூன்று என்று பிறப்பவர்கள். இவர்களுடைய எதிரி காலம். பிறந்த குழந்தைக்குக் கேட்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அமெரிக்காவின் டென்வர் நகரில் மரியான் டவுன்ஸ் என்ற செவியியலாளர் 1960களின் தொடக்கத்தில் தொண்டர்களைச் சேர்த்துக்கொண்டு, தூங்கும் சிசுக்களின் அருகே ஒலி எழுப்பி, அவை கண்ணிமைக்கின்றனவா, கையை உதறுகின்றனவா என்று பார்த்தார். ஆயிரக்கணக்கான குழந்தைகளை இப்படிச் சோதித்தார்கள். முறை துல்லியமாக இல்லை. பல மருத்துவர்கள் அதை ஏற்கவில்லை. ஆனாலும் பிறந்த உடனே சோதிக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை அவர் விடவில்லை. 2014இல் தம் 100ஆவது வயதில் அவர் மறைந்தபோது அமெரிக்காவில் ஏறத்தாழ எல்லாச் சிசுக்களுக்கும் அந்தச் சோதனை நடந்துகொண்டிருந்தது.

அதைச் சாத்தியமாக்கியது லண்டனில் டேவிட் கெம்ப் 1978இல் வெளியிட்ட ஒரு கண்டுபிடிப்பு. ஆரோக்கியமான காது ஒலியை வாங்குவதோடு நிற்பதில்லை, மிக மெல்லிய ஒலியைத் திருப்பியும் அனுப்புகிறது. உள்காதில் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 15,000 மயிர்ச் செல்கள் இருக்கின்றன. அவற்றில் வெளி வரிசையில் இருப்பவை ஒலிக்கு ஏற்பத் துள்ளி, வரும் அதிர்வைப் பெருக்கிக் கொடுக்கின்றன. அந்தத் துள்ளலின் எதிரொலிதான் வெளியே வருவது. காதில் சிறு குமிழ் செருகி ஒரு 'டிக்' ஒலியை அனுப்பினால், உள்காது உயிரோடு இருக்கும் குழந்தையிடமிருந்து பதில் வரும். குழந்தை தூங்கிக்கொண்டே இருக்கலாம்; சில நிமிடங்களில் முடிந்துவிடும். பதில் வராவிட்டால் பெரா டெஸ்ட்: தலையில் ஒட்டும் மின்முனைகள் வழியாக, ஒலி நரம்பில் ஏறி மூளைத்தண்டுக்குப் போகிறதா என்று பார்ப்பது.

சீக்கிரம் தெரிந்தால் என்ன ஆகும்? கிறிஸ்டின் யோஷினாகா-இடானோ கொலராடோவில் 150 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 1998இல் எழுதினார். 6 மாதத்துக்குள் குறை கண்டறியப்பட்டு உதவி கிடைத்த குழந்தைகள், பிறகு கண்டறியப்பட்டவர்களைவிட மொழியில் தெளிவாக முன்னே இருந்தார்கள். குறை எவ்வளவு தீவிரமானாலும், குடும்பத்தின் வசதி எப்படி இருந்தாலும், குழந்தை பேசியது வாய்மொழியானாலும் சைகை மொழியானாலும் இந்த வேறுபாடு நின்றது. ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் உதவி என்ற விதி அதன்பின் உலகெங்கும் பரவியது.

தமிழ் வீடுகளில் இந்த மாதங்களை விழுங்குவது ஒரு ஆறுதல் வார்த்தை. "அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான், பையனுக்கும் மெதுவா வரும்." தாய்க்குச் சந்தேகம் வரும். தட்டைத் தரையில் போட்டுப் பார்ப்பாள், குழந்தை திரும்பும். நிம்மதியாகிவிடுவாள். ஆனால் எவர்சில்வர் தட்டு விழும் ஓசை மிக உரத்தது, எல்லா அலைவரிசையும் கலந்தது. நடுத்தர அளவில் காது கேளாத குழந்தையும் அதற்குத் திரும்பும். தரையின் அதிர்வு உடம்பில் பட்டோ, தாயின் கை அசைவு ஓரக்கண்ணில் பட்டோகூடத் திரும்பலாம். அந்தச் சோதனையை நம்பி ஒரு வருடம் போய்விடுகிறது.

பிறவிக் குறைபாட்டில் பாதிக்கு மேல் மரபணு சார்ந்தது. 1997இல் அடையாளம் காணப்பட்ட கனெக்சின் 26 என்ற புரதத்தின் மரபணுப் பிழை அதில் முதன்மையானது. பெற்றோர் இருவரும் ஒவ்வொரு பழுதுப் பிரதியைச் சுமந்துகொண்டு நன்றாகவே கேட்பார்கள். இரண்டும் ஒரு குழந்தையிடம் சேரும்போதுதான் காது கேட்காது. மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள் கட்டிக்கொள்ளும்போது அந்த இரண்டு பிரதிகளும் சந்திக்கும் வாய்ப்பு கூடுகிறது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 28 சதவீதத் திருமணங்கள் இரத்த உறவுக்குள் நடந்தவை. இந்தியாவிலேயே மிக அதிகம். அப்படித் திருமணம் செய்தவர்களின் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு எந்தக் குறையும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கேளாத குழந்தையைப் பெற்ற தாயைக் குற்றவாளியாக நிறுத்த இந்த எண் பயன்படக் கூடாது. பிறந்த அன்றே சோதனை செய்ய வேண்டிய அவசரத்தைக் காட்டத்தான் பயன்பட வேண்டும்.

ஒரு காரணத்தைத் தமிழ்நாடு நேராகவே எதிர்கொண்டது. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா வந்தால் சிசுவின் கண், இதயம், காது மூன்றும் கெடலாம். ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் 1941இல் கண்புரை வழியாக இந்தத் தொடர்பைக் கண்டார். காது கேளாமை அதன் பின்னர் தெரியவந்தது. 2017 பிப்ரவரியில் இந்தியா தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கத்தைத் தொடங்கியபோது முதல் சுற்றில் இருந்த ஐந்து பகுதிகளில் தமிழ்நாடும் புதுச்சேரியும் உண்டு. 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊசி. வாட்ஸ்அப் வதந்திகளைத் தாண்டிப் பள்ளிகளில் அதைப் போட்ட செவிலியர்கள், இன்னும் பிறக்காத குழந்தைகளின் காதுகளையும் காத்தார்கள்.

பிறந்தபோது சோதனையில் தேறிய குழந்தைக்கு ஆயுள் முழுவதும் உத்தரவாதம் கிடையாது. பிரிட்டனில் ஹெதர் ஃபோர்ட்னம் குழுவினர் 2001இல் வெளியிட்ட கணக்கில், 40 டெசிபெலுக்கு மேல் நிரந்தரமாக இழந்த பிள்ளைகள் 3 வயதில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ ஒருவர். 9 வயதுக்கு மேல் இருவர். இடையில் மூளைக்காய்ச்சல் வந்திருக்கும், மெதுவாக வளரும் மரபணுக் குறை தலைகாட்டியிருக்கும், உயிர் காக்கப் போட்ட ஜென்டாமைசின் போன்ற ஊசி மருந்து உள்காதைத் தொட்டிருக்கும்.

இப்போது இயர்போனுக்கு வரலாம். அதை விடுவித்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். மயிர்ச் செல்கள் பிறப்பதற்கு முன்பே உருவாகி முடிந்தவை. கோழிக்குஞ்சுக்கு அவை மறுபடி முளைக்கும் என்று 1980களின் இறுதியில் கண்டார்கள், மனிதருக்கு முளைப்பதில்லை. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 9 முதல் 11 வயதுள்ள மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்து 2018இல் வெளியான ஆய்வில், 14.2 சதவீதம் பேருக்கு இரைச்சல் பாதிப்பைப் போன்ற சாயலோ கீச்சொலி இழப்போ இருந்தது. கையடக்கக் கருவியில் பாட்டுக் கேட்டவர்களுக்குக் கீச்சொலி இழப்பு கூடுதலாக இருந்தது. இவ்வளவு சின்ன வயதில் என்பதுதான் கவலை.

செவிச் சோதனையின் பதிவான ஆடியோகிராம் காட்டாத சேதமும் உண்டு. பாஸ்டனில் ஷேரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மேனும் 2009இல் எலிகளை இரண்டு மணி நேரம் இரைச்சலில் வைத்தார்கள். சில நாட்களில் கேட்கும் அளவு பழையபடி திரும்பிவிட்டது. ஆனால் மயிர்ச் செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் பாதி வரை நிரந்தரமாகப் போயிருந்தன. மனிதப் பிள்ளைகளுக்கு இது எந்த அளவு பொருந்தும் என்ற விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. "கச்சேரி முடிஞ்சு ரெண்டு நாள் காது இரைஞ்சுது, அப்புறம் சரியாப் போச்சு" என்ற பேச்சைக் கேட்கும்போது அந்த எலிகளை நினைக்காமல் இருக்க முடியாது.

கணக்கு எளிமையானதுதான். பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபெல், பிள்ளைகளுக்கு 75 டெசிபெல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 90 டெசிபெலில் பாட்டுக் கேட்கும் பிள்ளைக்கு வாரம் முழுவதற்கும் கிடைப்பது 75 நிமிடம். பேருந்தின் இரைச்சலை அமுக்க ஒலியை ஏற்றிக்கொண்டு பள்ளிக்குப் போய்வரும் மாணவர் அதை இரண்டு நாட்களில் செலவழித்துவிடுவார். பட்டாசுக்கும் சட்டம் உண்டு: வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபெலைத் தாண்டக் கூடாது. ஆனால் திரியைக் கிள்ளிப் பற்றவைக்கும் எட்டு வயதுக் கை 4 மீட்டர் தூரத்தில் இருப்பதில்லை. திருவிழாவில் பெட்டி பெட்டியாக அடுக்கிய ஸ்பீக்கருக்கு முன்னால் ஆடும் குழந்தைகளை நகர்த்தி நிறுத்த விழாக் குழுவில் ஒருவர் போதும். அப்படி ஒருவரைக் காண்பது அரிது.

எண்ணுவதன் பயன் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் போகின்றன. பார்க்க வேண்டியவற்றின் பட்டியலில் செவிக் குறைபாடும் இருக்கிறது. கேள்வி கேட்டும் கூப்பிட்டுப் பார்த்தும் கடும் குறையைக் கண்டுவிடலாம். நாஷ்வில் பிள்ளைகளைப் போன்றவர்கள் அதில் வழுக்கிப் போய்விடுவார்கள். அவர்களைப் பிடிக்க 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் என்ற மூன்று ஒலிகளை 20 டெசிபெலில் இரு காதுக்கும் கொடுத்துப் பார்ப்பது ஒன்றே வழி. பிள்ளைக்குச் சில நிமிடம். தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் டி வெட் ஸ்வானப்பூல் குழுவினர் அதை ஒரு செல்பேசிக்குள் அடக்கியிருக்கிறார்கள். அறையில் இரைச்சல் அதிகமாக இருந்தால் அந்தக் கருவியே எச்சரிக்கும். செவியியல் படிக்காத ஊழியர் ஒருவரைப் பழக்கிவிட்டால் போதும். ஒன்றாம் வகுப்பில் சேரும் ஒவ்வொரு குழந்தைக்கும் இதைச் செய்ய மறுப்பதற்கு இன்று தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை.

சோதனையில் தவறும் பிள்ளைகளில் பலருக்குக் குறும்பி அடைத்திருக்கும்; எடுத்தால் தீர்ந்தது. பலருக்கு நீர் கோத்திருக்கும்; காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும். சிலரை முன் வரிசையில், நல்ல காது ஆசிரியர் பக்கம் இருக்கும்படி உட்காரவைத்தால் போதும். மிகச் சிலருக்குக் கருவி தேவைப்படும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு உள்காதுக் கருவியான காக்ளியர் இம்ப்ளான்ட் இலவசமாகவே பொருத்தப்படுகிறது. சந்தையில் அது பல லட்ச ரூபாய். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. பேச்சுப் பயிற்சிக்கு வாரா வாரம் மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் தாய்க்கு ஒரு நாள் கூலி போகும், இரண்டு பேருந்துக் கட்டணம் போகும். வெளியே மாட்டும் கருவியின் ஒயர் அறுந்தால் புதிது வாங்க வேண்டும், பேட்டரி தீர்ந்தால் வாங்க வேண்டும். காது மிஷின் போட்ட சிசுவுக்குக் காது வளர வளரச் சில மாதங்களுக்கு ஒருமுறை புதிய அச்சு எடுக்க வேண்டும். பழைய அச்சு தளர்ந்துபோனால் மிஷின் கீச்சிடும். கீச்சிட்டால் குழந்தை பிடுங்கி எறியும். பிறகு அது பீரோவுக்குள் போய்விடும். அந்த அச்சை எடுக்கும் வசதியை வட்டார மருத்துவமனை வரை கொண்டுவருவது ஒரு மேசை, ஒரு பயிற்சி பெற்ற ஊழியர், கொஞ்சம் அச்சுப் பசை ஆகியவற்றின் செலவு.